தம்பியின் கணுக்காலோடு பெரம்பலூருக்கு

பெரம்பலூரில் இறங்கியதும் நான் முதலில் தேடியது ஐஸ்கட்டி. என் தம்பி முகிலனின் வலது கணுக்கால், நெடுநேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கிவிடும். லாட்ஜில் கேட்டேன். "ஃப்ரிட்ஜ் இருக்குங்க, அதுல ஐஸ் புடிக்காதுங்க" என்றார் மேசையில் இருந்தவர். பிறகு எதற்கு அதற்கு ஃப்ரிட்ஜ் என்று பெயர் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஜூஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் ஒரு மீன் கடைக்காரர், கட்லா மீனுக்கு அடியிலிருந்து ஒரு கட்டியை உடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"யாருக்கும்மா அடி?"

"தம்பிக்கு. விளையாட்டில்."

"கபடிங்களா?"

ஸ்குவாஷ் என்றேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "சரி, எதுவா இருந்தா என்ன, வீக்கம் வடியணும்ல" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு முழுக்க எங்கள் அறையில் மீன் நாற்றம்.

எங்கள் ஊர் மலேசியாவில் ஈப்போ. அங்கே ஸ்குவாஷ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூரில் நான் டீக்கடைக்காரரிலிருந்து துணி வெளுப்பவர் வரை எல்லோருக்கும் விளக்கினேன். நாலு சுவர் உள்ள ஒரு அறை, பின்சுவர் மட்டும் கண்ணாடி, தரை மரப்பலகை. இரண்டு பேர் ஒரே சுவரைப் பார்த்து நின்று, எலுமிச்சம்பழ அளவு ரப்பர் பந்தை மாறி மாறி அடிப்பார்கள். அடித்ததும் அறையின் நடுவுக்கு ஓடி வந்துவிட வேண்டும். தரைக் கோடுகள் டி என்ற ஆங்கில எழுத்துப்போலச் சேரும் அந்த இடத்தைப் பிடித்தவன் ஆட்டத்தைப் பிடித்தவன்.

முகிலனுக்கு இருபத்தாறு வயது. போன வருடம் அந்தக் கணுக்காலில் தசைநார் கிழிந்தது. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை கிழிந்தால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டும், ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்றார். அவனுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரும் காப்புறுதி நிறுவனமோ, இங்கே இன்சூரன்ஸ் என்பார்கள், இந்த வருடத்துக்குள் ஒரு பட்டமாவது வேண்டும், இல்லாவிட்டால் தொகை நிற்கும் என்றது. நின்றால் எங்கள் சித்தப்பாவின் டயர் கடைதான் அவனுக்கு. வருடம் முடியப்போகிறது. ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் கடைசிப் படியில் இருக்கும் இந்தப் பெரம்பலூர் சாம்பியன்ஷிப்தான் மிச்சம். நான் அவனுக்கு அக்கா, அதோடு பயிற்சியாளர். இரண்டில் எது எப்போது பேசுகிறது என்று அவனுக்கே குழப்பம்.

லாட்ஜில் லிஃப்ட் கிடையாது. அறை மூன்றாவது மாடி. ஒரு காலத்தில் நானும் ஆடியவள்தான், என் இடது முட்டி அதற்குச் சாட்சி. படியேறும்போது அது பேசியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் போட்டியை நடத்துகிற சாகுல் பாய் காரை அனுப்பி, எங்களை லப்பைக்குடிகாட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வரவழைத்தார். வழியெல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும். மழைக்காலம் என்றாலும் எங்கள் ஊர்ப் பச்சை இல்லை, செம்மண்ணுக்கு நடுவே கொஞ்சம் யோசித்து யோசித்து முளைத்த பச்சை. வாசலில் அவருடைய மனைவி, "வாங்க, பசியாறிட்டீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று ஈப்போவில் நாங்கள்தான் சொல்வோம் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அடுத்த நிமிடம் அவருக்கும் எனக்கும் சண்டை. இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா, தேங்காய்ப்பால், வட்டிலப்பம் என்று வந்துகொண்டே இருந்தது. நான் முகிலனின் தட்டுக்கு மேல் கையை வைத்து மறித்தேன்.

"நாளைக்கு ஆடணும் இவன். பாயா வேண்டாம்க்கா."

"நல்லாருக்கே கதை. ஓடியாடுற புள்ளைக்குத்தான் பாயா வேணும். காலுக்கு நல்லதுல்ல?"

முகிலன் என்னைப் பார்க்காமல் இரண்டாவது கிண்ணத்தை முடித்தான்.

சாகுல் பாய் குவைத்தில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தவர். "கண்ணாடிக்கு வெளிய துண்டு வச்சிக்கிட்டு நிப்பேன். உள்ள அவங்க ஆடுவாங்க. எல்லாரும் போனப்புறம் நானா செவுத்துல அடிச்சு அடிச்சுப் பழகுனேன்" என்றார். ஊர் திரும்பி, செங்கல் சூளை வைத்து, வசதி வந்ததும் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் உள்ள ஒரு கல்லூரிக்கு ஸ்குவாஷ் கோர்ட் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான். சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது. இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

அன்று மாலை தொடக்க விழாவில்தான் வினை வந்தது. கல்லூரி வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், சால்வை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. குத்துவிளக்கை வெளியே வைக்கச் சொன்னார் சாகுல் பாய். சிறப்பு விருந்தினரோடு வந்தவர்கள், கண்ணாடி அறைக்குள் வைத்து ஏற்றினால் போட்டோ எடுப்பாக இருக்கும் என்றார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினேன். யார் பார்க்கிறார்கள்? ஆளுயர விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் அறைக்கு நட்டநடுவில், கோடுகள் சேரும் அந்த இடத்தில் வைத்தார்கள். முன்னும் பின்னுமாக முப்பது பேர் ஏறி நின்றார்கள். ஐந்தாவது திரியை ஏற்றும்போது போட்டோக்காரர், "கொஞ்சம் இப்புடி நகத்துங்க" என்றார். நகர்த்தினார்கள். தட்டு சாய்ந்தது. ஒரு கிண்ணம் எண்ணெய் மரத்தளத்தில் பரவியது.

அது மட்டும் என்றால்கூடத் துடைத்துவிடலாம். விருந்தினரை வழியனுப்பவும் டீ குடிக்கவும் எல்லோரும் வெளியே போன நேரத்தில், பெருக்குகிற செல்லம்மா உள்ளே போய்த் தன் வீட்டில் எண்ணெய் சிந்தினால் என்ன செய்வாரோ அதைச் செய்துவிட்டார். அரப்புத் தூளைக் கொட்டி, தென்னை விளக்குமாற்றால் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது தளம் பளபளவென்று இருந்தது. ஓரங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. மரத்தளத்தின் மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலே ஆட்டத்தை நிறுத்தித் துடைக்கிற விளையாட்டு இது.

"யாருங்க தண்ணி ஊத்துனது?" என்றார் சாகுல் பாய்.

"நாந்தான் பாய். எண்ணெ கொட்டுனா அரப்பு போட்டுத் தேச்சாத்தான போவும்? தண்ணி ஊத்தாம எப்புடி அலசுறது?" என்றார் செல்லம்மா. அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் கோபமெல்லாம் அந்தப் போட்டோக்காரர் மேல்தான், ஆனால் அவர் நல்லவேளையாகப் போய்விட்டிருந்தார்.

நடுவர் கொழும்பிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். முழங்காலிட்டுத் தளத்தைத் தடவிப் பார்த்தார். நாளைக் காலைக்குள் காய்ந்தால் போட்டி நடக்கும், இல்லையென்றால் ரத்து என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்தார். ரத்து என்றால் பட்டம் இல்லை, புள்ளி இல்லை, ஒன்றுமில்லை. சாகுல் பாய் போனை எடுத்தார். பந்தல் போடுகிறவர்களிடமிருந்து, கல்யாண மண்டபத்திலிருந்து, ஒரு பள்ளிவாசலிலிருந்து பெரிய ஸ்டாண்ட் ஃபேன்கள் வந்து இறங்கின. மாணவர்கள் பழைய வேட்டிகளைக் கொண்டு தளத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

காலையில் தளம் காய்ந்திருந்தது. ஆனால் நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில், மரம் எண்ணெயைக் குடித்துக் கறுத்திருந்தது. காலை வைத்து இழுத்தால் கொஞ்சம் வழுக்கியது. எல்லா ஆட்டக்காரர்களையும் அவரவர் பயிற்சியாளர்களையும் நடுவர் கூப்பிட்டார். யாராவது ஒருவர் ஆட்சேபித்தாலும் போட்டியை நிறுத்திவிடுவேன் என்றார். கெய்ரோவிலிருந்து வந்த ஹாஸிம் என்ற இளைஞன், இதைவிட மோசமான தரையில் ஆடியிருக்கிறேன் என்று தோளைக் குலுக்கினான். மற்றவர்களும் சரி என்றார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"அக்கா, வேணாம்லா. வீட்டுக்குப் போயிடலாம்" என்றான் முகிலன் மெதுவாக.

எனக்கு அந்தக் கறுப்புத் திட்டும் தெரிந்தது, டயர் கடையும் தெரிந்தது. "நாங்க ஆடுறோம்" என்று நான்தான் சொன்னேன்.

அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: அந்த இடத்தை மிதிக்காதே, சுற்றிப் போ. நடுவைப் பிடிப்பதற்கே ஆடுகிற விளையாட்டில் நடுவை மிதிக்காமல் ஆடுவது என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று ஆடியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் அரை அடி அதிகம் ஓட வேண்டும். முதல் இரண்டு ஆட்டங்களையும் அவன் அப்படியே ஜெயித்தான். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்க்காமல் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரையிறுதி அன்று கல்லூரி வேனின் டயர் பாதி வழியில் வெடித்தது. அரியலூர் சிமென்ட் லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின, ஒன்றும் நிற்கவில்லை. பிறகு வந்த பஸ்ஸில் மட்டைப் பையோடு ஏறினோம். உள்ளே சின்ன வெங்காய மூட்டைகள், அதன் மேல் ஆட்கள்.

"என்னம்மா அது, வீணையா?" என்றார் கண்டக்டர்.

"ஸ்குவாஷ் மட்டை."

"எதுவா இருந்தாலும் மடியில வச்சிக்கிட்டா லக்கேஜ் கெடையாது."

வெங்காயம் கொண்டுவந்த ஒரு செட்டிகுளத்து அம்மாள் முகிலனின் காலில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, "நீ குந்து தம்பி, நான் மூட்ட மேல குந்திக்கிறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வூட்டுக்காரரா?"

"என் தம்பி."

"அதான பாத்தேன், அதட்டுறப்பயே நெனச்சேன்" என்றார். பஸ் சிரித்தது. முகிலன்கூடச் சிரித்தான். பெரம்பலூர் வந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் செத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே இறங்குவதற்குள் எனக்குக் கல்யாணமாகிவிட்டதா, இல்லையென்றால் ஏன் இல்லை, ஜாதகத்தில் என்ன கோளாறு என்று பஸ் முழுக்க விசாரித்து முடித்துவிட்டது. எரிச்சலாகவும் இருந்தது, இறங்க மனமில்லாமலும் இருந்தது.

ஐந்து கேம்களில் மூன்றை எடுத்தவன் ஜெயித்தான். அரையிறுதியை அவன் முதல் மூன்றிலேயே முடித்தான். சாயங்காலம் காலில் வீக்கம் இல்லை. அழுத்திப் பார்த்தேன், வலி இல்லை என்றான். பொய் சொல்கிறானோ என்று இன்னொரு முறை அழுத்தினேன். லாட்ஜுக்குக் கீழே இருந்த கடையில் பரோட்டா வாசனை தூக்கியது. அவனுக்குத் தயிர்சாதமும் வாழைப்பழமும், எனக்குப் பரோட்டா. அவன் என் தட்டையே பார்த்தான். "நாளைக்கு ஜெயிச்சா உனக்கும்" என்றேன்.

இறுதி ஆட்டம் ஹாஸிமோடு. கண்ணாடிக்கு வெளியே மரப்படிகளில் உட்கார இடமில்லை. கல்லூரிப் பையன்கள், லப்பைக்குடிகாட்டிலிருந்து வேன் வைத்து வந்த பெரியவர்கள், கீழப்பழுவூரிலிருந்து எவனோ சொல்லி வந்த ஒரு கூட்டம். முகிலன் தமிழ் பேசுகிறவன் என்பதால் அவன் நம்ம பையன் ஆகிவிட்டான். ஹாஸிமுக்கு ஆள் இல்லையே என்று சாகுல் பாய் அவன் பக்கம் போய் உட்கார்ந்து அரபியில் பேசினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "உங்க தம்பி ஏன் நடுவுல வராம வளைஞ்சு வளைஞ்சு ஓடுறாருன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அவர். அவன் காலைப் பற்றிச் சொல்லி வைத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. ஹாஸிம் அந்தத் திட்டின் மேல் தைரியமாகக் காலை ஊன்றி நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் கேம் ஹாஸிமுக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் முகிலனுக்கு. நாலாவதை ஹாஸிம் அவனை மூலைக்கு மூலை துரத்தி எடுத்துக்கொண்டான். கேம் முடிந்து கதவைத் திறந்து வந்த முகிலன் பேச முடியாமல் மூச்சு வாங்கினான்.

"அக்கா, நடுவுல நிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அரை அடி லேட்டாகுது."

"வேண்டாம்னேன்ல. சுத்திப் போ."

துண்டை என் மேல் எறிந்துவிட்டு உள்ளே போனான்.

ஐந்தாவது கேம். ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு. ஒன்பதுக்கு எட்டு, முகிலன் முன்னால். பதினொன்று எடுத்தவன் ஜெயித்தான். ஹாஸிம் பந்தை முன்சுவரின் இடது மூலையில் மெல்ல வைத்தான். முகிலன் பின்னாலிருந்து ஓடினான். நேராக ஓடினால் நடுவை மிதிக்க வேண்டும். அவன் நான் சொன்னபடி சுற்றினான். அரை அடி தாமதம். அதை ஈடுகட்ட வலது காலை எட்டிப் போட்டு முழு உடம்பையும் நீட்டி, தரையில் படப்போன பந்தைச் சுரண்டி எடுத்தான். பந்து சுவரைத் தொட்டு, செத்து, கீழே விழுந்தது. ஹாஸிமால் எட்ட முடியவில்லை. பத்துக்கு எட்டு. கூட்டம் எழுந்து நின்றது. விசில் காதைக் கிழித்தது.

நான் பந்தைப் பார்க்கவில்லை. அவன் பாதம் வெளிப்பக்கமாக மடிந்ததைப் பார்த்தேன்.

எண்ணெயில் வழுக்கவில்லை. எண்ணெய் இருந்த இடத்துக்கும் அவன் கிடந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்ற செல்லம்மாவுக்காகவும், முகம் செத்துப்போன சாகுல் பாய்க்காகவும் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிப் போ என்று சொன்னது நான்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, காயத்துக்கு மூன்று நிமிடம் கொடுத்தார். அதற்குள் ஆட வராவிட்டால் அந்த கேமும் பட்டமும் ஹாஸிமுக்கு. நான் உள்ளே ஓடினேன். ஹாஸிம் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் விலகினான்.

"ஒண்ணுமில்லக்கா. கட்டுப் போட்டு விடு."

காலை மடியில் எடுத்து வைத்தேன். அந்தக் கணுக்கால் எனக்கு அத்துப்படி. ஒரு கையால் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மறு கையால் குதிகாலை மெதுவாக முன்னால் இழுத்தேன். போன வருடம் கிழிந்தபோது எலும்பு கதவுபோல ஆடியது. இப்போது அவ்வளவு ஆடவில்லை. ஆனால் போகக்கூடாத தூரம் போய், அங்கே ஏதோ ஒரு நூல் பிடித்து நிறுத்தியது. கிழியவில்லை. கிழியத் தயாராக இருந்தது.

"முகிலா, போதும்."

"பத்துக்கு எட்டுக்கா. சர்வீஸும் எங்கிட்ட. ஒரே ஒரு பாயிண்ட்."

"தெரியும்."

"நீதான ஆடச் சொன்ன? நான் போலாம்னேன். நீதான் ஆடுறோம்னு சொன்ன." அவன் கண் கலங்கியிருந்தது. "இப்ப ஒரு பாயிண்ட்ல வந்து போதும்ங்கிற. நீ நடுவர்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. நான்தான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

உண்மைதான். ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை ஆடுகிறவனுக்கு மட்டும்தான். பயிற்சியாளருக்கும் கிடையாது, அக்காவுக்கும் கிடையாது.

"சரி, காலைக் காட்டு" என்றேன்.

கட்டுப் போடப் போகிறேன் என்று நினைத்துக் காலை நீட்டினான். நான் ஷூக் கயிற்றை அவிழ்த்தேன். வலிக்காமல் குதிகாலைப் பிடித்து ஷூவைக் கழற்றினேன். கழற்றியதும் எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவனுடைய மட்டைப் பை, மாற்று ஷூ எல்லாம் என் காலடியில் இருந்தன. ஷூ என் மடியில் இருந்தது, உள்ளே இன்னும் சூடாக இருந்தது.

"அக்கா." முதலில் நம்பாமல் கூப்பிட்டான். "அக்கா, ஷூவக் குடு."

கூட்டம் அடங்கிவிட்டது. பின்னால் யாரோ, "என்னாச்சு, ஏன் அந்தம்மா ஷூவ எடுத்துட்டு வந்துட்டாங்க?" என்று கேட்டார்கள். ஆட்டக்காரர் தயாரா என்று நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஹாஸிம் சாகுல் பாயிடம் அரபியில் ஏதோ சொன்னான். சாகுல் பாய் என் பக்கம் வந்து குனிந்தார். "எனக்கும் ஒரு அக்கா இருக்காங்கன்னு சொல்றாரு" என்றார்.

முகிலன் ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கதவு வரை வந்தான். உள்ளங்கையை விரித்து என்னை நோக்கி நீட்டினான். சின்ன வயதிலும் அவன் இப்படித்தான் கேட்பான், கேட்டதை நான் கொடுக்காமல் இருந்ததில்லை. ஷூவை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நேரம் முடிந்தது என்று நடுவர் சொல்லும் வரை அவன் கையை மடக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.